ஓடி வருகிறவள்

2008 மார்ச் 4

மகள் துஷ்யந்தி விடிகாலையில் தெரணியகலை ரோட்டில் ஓடிப் பழகிவிட்டு வந்தாள். லயத்து வரிசை வீடுகளில் நாலு கதவு திறந்தது. "யாருக்கு என்னாச்சு டீச்சர்?" என்று பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் இருளாயி கொண்டையை முடிந்துகொண்டே கேட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் ஓடி வந்தால் சாவுச் செய்தியோடுதான் வருவார். பள்ளிக்கூட மணி நேரம் தவறி அடித்தால் பிள்ளைகள் எப்படி முழிப்பார்கள்? அப்படித்தான் இதுவும்.

ஒக்டோபரில் கொழும்பில் மரதன் ஓட்டம். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எந்தப் பெண்ணும் இதுவரை ஓடியதில்லை. பெருமைப்பட வேண்டும். பயம்தான் முந்திக்கொள்கிறது.

மார்ச் 21

பாலத்தடியில் புதிதாக இராணுவக் காவலரண். நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஓடிய வேகத்தில் சற்றுத் தாண்டித்தான் நின்றாளாம். துப்பாக்கியை நீட்டிவிட்டார்கள். அடையாள அட்டை வீட்டில். நான் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் விட்டார்கள். இன்றைக்கு எழுத்து கோணுகிறது.

மார்ச் 22

இன்றும் போனாள்.

ஜூன் 9

அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு, பாலத்தை நடந்து கடந்து, அப்புறம் ஓடுகிறாள்.

"வேணாம்டி. ஒனக்கு ஒண்ணுன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?"

"நடந்து போனா மட்டும் புடிக்க மாட்டாங்களாம்மா?"

வகுப்பில் எந்தக் கேள்விக்கும் ஓர் உதாரணமாவது சொல்லிவிடுவேன். இதற்கு அட்டைக் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

ஒக்டோபர் 12

கொழும்பில் தோழி ஷிப்னா வீட்டில் தங்கியிருக்கிறாள். அங்கே இரவில் தமிழ் ஆட்களைத் தேடி வீடு வீடாகச் சோதனையாம். பிடித்துக்கொண்டு போனால் — எழுதக்கூடாது.

ஓட்டம் முடிந்ததும் கீழ்ச் சந்தி மீராசாஹிப் கடைக்கு போன் எடுப்பதாகச் சொல்லியிருந்தாள். மத்தியானம் வரை ஒன்றுமில்லை. பிறகு மீராசாஹிப்பே மேட்டில் ஓடி வந்தார், சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. அந்த வயதில், ஓட்டம்! லயம் முழுக்கக் கதவு திறந்தது. ஐயோ, போச்சே, எம்புள்ள போச்சே — வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. நாலு விரலைக் காட்டினார்.

"நாலாவதா வந்துட்டா டீச்சர்!"

"ஏன் மொதலாளி, நடந்து வந்து சொல்லப்படாதா? உசிரே போச்சு!" என்று இருளாயி திட்டினாள்.

"நல்ல செய்திய வெச்சிட்டு எப்பிடி நடக்கிற?" என்றார் அவர்.

2009 ஜூலை 5

யுத்தம் முடிந்தும் காவலரண் இன்னும் இருக்கிறது. விடிகாலை ரோட்டில் காலடிச் சத்தம். லயத்தில் ஒரு கதவும் திறக்கவில்லை.

"ஒங்க மகதான் டீச்சர். படுங்க" என்று இருளாயி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னாள்.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.