அக்கி ஆறிய பிறகு

பாலிகஞ்ச்,
9 ஆகஸ்டு 1921

அம்மாவுக்கு ஜலஜாவின் நமஸ்காரம்.

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. எனக்கு அக்கி வந்துவிட்டது. இடது முதுகில் ஆரம்பித்து விலாவைச் சுற்றி, பாதி ஒட்டியாணம் போட்டாற்போல் கொப்புளம். பயப்படாதீர்கள், எல்லாம் உலர்ந்து உதிர்ந்துவிட்டது. குழந்தைக்கும் ஒன்றுமில்லை.

அக்கி என்றதுமே உங்கள் பிள்ளை, குயவரிடம் போய்ச் செம்மண்ணால் சிங்கம் எழுதிக்கொண்டால்தான் ஆறும், அம்மா இருந்தால் அதைத்தான் செய்வாள் என்று ஒரே பிடிவாதம். காலேஜில் தாவர சாஸ்திரம் படித்தவள் நான், சிரித்தேன். மூன்றாம் நாள் வலியில் சிரிப்பு போய்விட்டது. கல்கத்தாவில் குயவருக்கு எங்கே போவது? துர்க்கை பொம்மை செய்கிறவர்கள் இருக்கும் குமார்டுலிக்கு வண்டி வைத்துக்கொண்டு போனோம். இவர் தமக்குத் தெரிந்த வங்காள பாஷையில், என் சம்சாரத்தின் முதுகில் சிங்கம் எழுத வேண்டும் என்று கேட்டார். பொம்மைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்து, "எங்கள் சிங்கம் அம்மன் காலடியில்தான் இருக்கும், பாபு" என்றார்.

நல்லவேளை, அவர் மனைவி என்னை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தி, செம்மண் குழம்பால் ஜில்லென்று ஏதோ எழுதினாள். வீட்டுக்கு வந்து இவர் பார்த்தால், சிங்கமில்லை. மீன். ஜோடி மீன். இந்த ஊரில் அது மங்களமாம். நம் குடும்பத்துப் பெண் முதுகில் மீனோடு இருந்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை.

கொப்புளம் போயும் வலி போகவில்லை. ரவிக்கைத் துணி பட்டாலே தீக்குச்சி கிழிக்கிற மாதிரி இருக்கிறது. கொப்புளம் தோலில் என்றாலும் நோய் நரம்பில், நரம்பு ஆற நாளாகும் என்கிறார் டாக்டர். எத்தனை நாள் என்றால் மீசையைத் தடவுகிறார். அனந்தலக்ஷ்மிக்குப் பதினாலு மாசம். ஓடிவந்து என் மேல் விழுகிறாள். நான் அலறுகிறேன், அவளும் சேர்ந்து அலறுகிறாள்.

இப்படிக்கு,
ஜலஜா

மாயவரம்,
16 ஆகஸ்டு 1921

சௌபாக்கியவதி ஜலஜாவுக்கு ஆசீர்வாதம்.

கடுதாசி பார்த்துப் பதறிப்போனேன். மீனைப் பற்றி நீ விசாரப்பட வேண்டாம். பெருமாளே எடுத்த அவதாரம்தானே. ஆனால் அடுத்தாத்து மாமியிடம் சிங்கம் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நல்லெண்ணெயைக் காய்ச்சி இறக்கி, கற்பூரம் பொடித்துப் போட்டு, ஆறினதும் இறகால் தடவு. அழுத்தித் தேய்க்காதே. எனக்கும் இதே அக்கி வந்து இதே வலி இருந்தது. உன் அகத்துக்காரன் பட்டாபிக்கு அப்போது பத்து மாசம்.

அதனால் சொல்லுகிறேன், கேட்டுக்கொள். சாந்த்ராகாச்சியில் ரயில்வேயில் இருக்கிற நம் சந்தானம் லீவில் பெண்டாட்டியோடு வருகிறானாம். குழந்தையை அவர்களோடு அனுப்பிவிடு. ஆறு மாசம் நான் பார்த்துக்கொள்கிறேன். நீ உடம்பைத் தேற்றிக்கொள். நானும் பட்டாபியைத் திருவாரூரில் என் அக்காவிடம்தான் விட்டேன். அவனுக்கு என்ன குறைந்துபோயிற்று?

ஆசீர்வாதம்,
நாகலக்ஷ்மி

பாலிகஞ்ச்,
2 செப்டம்பர் 1921

அம்மாவுக்கு நமஸ்காரம்.

இந்தத் தடவை தாமதத்துக்கு வலி காரணமில்லை. என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

முதலில் வைத்திய சமாசாரம். கற்பூர எண்ணெய் அரைமணி நேரம் குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணி, இங்கே பௌதி என்பார்கள், கடுகெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். பாவம், பிரியமாகச் செய்தாள். அந்த நெடி தாங்காமல் உங்கள் பிள்ளை இரண்டு நாள் வாசல் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டார். டாக்டர் கொடுத்த புதினா உப்புக் களிம்பு துணி படுகிற எரிச்சலுக்குத் தேவலை. அப்புறம், தோல் நன்றாக மூடிவிட்டதென்று பார்த்து, மிளகாய்க் களிம்பு எழுதிக் கொடுத்தார். எரிகிற இடத்தில் மிளகாயா என்றேன். முதலில் எரியும், விடாமல் தடவினால் நரம்பு சலித்துப்போய்ச் சும்மா இருக்கும் என்றார்.

எனக்குக் கை எட்டாது. இவர்தான் தடவிவிட்டார். கையைக் கழுவினேன் என்றார், எப்படிக் கழுவினாரோ. ஆபீசில் போய்க் கண்ணைக் கசக்கியிருக்கிறார். கண் சிவந்து தாரையாகக் கொட்டியதைப் பார்த்து ஹெட் கிளார்க் ஊரில் ஏதோ துக்கம் என்று நினைத்து, தோளில் தட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இவரும் மறுக்காமல் வந்து டிபன் சாப்பிட்டுத் தூங்கினார். அன்றுமுதல் மரக்கரண்டியால்தான் தடவுகிறார்.

மிளகாய் தடவ ஆரம்பித்துப் பத்து நாளாகிறது. முன்னே பத்துப் பங்கு என்றால் இப்போது ஆறு பங்கு வலி. காலையில் ரவிக்கை போட்டால் மத்தியானம்வரை தாங்குகிறது. ஆனால் இடது பக்கம் குழந்தையைத் தூக்க இன்னும் முடியவில்லை.

சந்தானத்தின் மனைவி நேற்று வந்திருந்தாள். பதினெட்டாம் தேதி மெயிலில் புறப்படுகிறார்கள். உங்கள் பிள்ளையைக் கேட்டால், அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்கிறார். கவுன், பால் கிண்ணம், கிலுகிலுப்பை எல்லாம் கட்டி வைத்துவிட்டேன். நீங்கள் மாற்றிச் சொன்னாலொழிய அவள் போவாள்.

அம்மா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். திருவாரூரிலிருந்து இவர் திரும்பி வந்தபோது உங்களைத் தெரிந்துகொண்டாரா?

ஜலஜா

மாயவரம்,
8 செப்டம்பர் 1921

சௌபாக்கியவதி ஜலஜாவுக்கு ஆசீர்வாதம்.

இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கடுதாசியை மடித்து வைத்துவிட்டுக் குளத்துக்குப் போய் வந்தேன். அப்புறம்தான் எழுத உட்கார்ந்தேன்.

பட்டாபி திரும்பி வந்தபோது ஒன்றரை வயசு. கொழுகொழுவென்று இருந்தான். வண்டியிலிருந்து என் அக்கா இறக்கிவிட்டாள். நான் கையை நீட்டினேன். அவன் அவள் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து "மாமி" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வலியெல்லாம் எப்போதோ போயிருந்தது. அவன் வாயில் எனக்கு அம்மா என்று வர, தீபாவளி தாண்டி நாலு மாசம் ஆயிற்று.

அவனுக்கு என்ன குறைந்துபோயிற்று என்று எழுதினேன். வாஸ்தவம்தான், அவனுக்கு ஒன்றும் குறையவில்லை.

குழந்தையை அனுப்பாதே. சந்தானத்துக்குத் தனியாக எழுதிவிட்டேன், இந்தத் தபாலிலேயே போகிறது. மூட்டையை அவிழ்த்துவிடு. பேத்தியைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. அதற்கு நான்தான் ரயில் ஏற வேண்டும், அவள் இல்லை. தை பிறக்கட்டும், வருகிறேன்.

குனிந்து தூக்காதே. தரையில் பாய் போட்டு வலது பக்கம் சாய்ந்து உட்கார். அவளாக ஏறி வருவாள். களிம்பை விடாமல் போடு.

இந்தக் கடுதாசியைப் பட்டாபியிடம் காட்ட வேண்டாம். அம்மா என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்டால், நார்த்தங்காய் ஊறுகாய் போடுகிற பக்குவம் என்று சொல்லிவிடு.

உன் அம்மா,
நாகலக்ஷ்மி