பிளாட்பாரத்துப் பெஞ்சு

அன்பான அப்பா,

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகப்போகிறது. நம் ஓசூருக்கு மறுபடி ரயில் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. உங்களிடம்தான் முதலில் சொல்ல நினைத்தேன். ஆனால் சொல்ல வாய் கூசுகிறது.

நீங்கள் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த அந்தச் சின்ன ரயிலின் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று கழற்றிக்கொண்டு போனார்களே, அன்றைக்கு நீங்கள் சாப்பிடவே இல்லை. அடுத்த வருஷம் கண்ணை மூடிவிட்டீர்கள். கட்டடம் மட்டும் நின்றது. பிறகு ஊர் அதன்மேல் கை வைத்தது. ஒருவர் கதவைக் கழற்றினார், இன்னொருவர் ஓட்டைப் பிரித்தார். உங்கள் மாப்பிள்ளை பிளாட்பாரத்துப் பெஞ்சைத் தூக்கி வந்தார். "எவனோ தூக்கிட்டுப் போறதுக்கு நாம வெச்சுக்கிட்டா என்ன?" என்றார். நானும் கூடத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். அதில் உட்கார்ந்துதான் இத்தனை வருஷமும் கடலை உரித்தேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ரயில்வே அதிகாரி ஒருவர் இடம் பார்க்க வந்தார். வெயிலில் அலைந்து களைத்தவரிடம், பழைய ஸ்டேஷன் மாஸ்டரின் மகள் வீடு இதுதான் என்று யாரோ காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார். பெஞ்சின் சாய்மானத்தில் செதுக்கியிருந்த ரயில்வே எழுத்துகள் தெரியாதபடி அவசரமாகச் சமுக்காளத்தைப் போட்டேன். அவர் சாய்ந்ததும் அது நழுவிவிட்டது.

"மிச்சமெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டார்.

என் கொழுந்தன் சும்மா இருக்கக் கூடாதா? "வீட்டுக்கு வீடு இருக்குதுங்க சார்!" என்று பல்லைக் காட்டினார்.

அதிகாரி சிரிக்கவில்லை. "இருந்ததையே வெச்சுக்கத் தெரியாத ஊருக்குப் புதுசு எதுக்கும்மா?" என்றார்.

மானம் போயிற்று அப்பா. அதையே அவர் மேலிடத்துக்கு எழுதிவிட்டால்? எங்களால் இந்த ஊருக்கு ரயிலே இல்லாமல் போய்விட்டால்?

மறுநாளே பெஞ்சைக் கொண்டுபோய் அந்த மொட்டைப் பிளாட்பாரத்தில் போட்டோம். இரண்டு நாள்கூடத் தங்கவில்லை. எதிர் வீட்டு முனிராஜு பட்டப்பகலில் அதைத் தூக்கிக்கொண்டு என் வாசல் வழியாகவே போனார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "இத்தன வருசம் உங்க வூட்ல இருந்துச்சில்லம்மா, கொஞ்ச நாள் எங்க வூட்லயும் இருக்கட்டும்."

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ரயில் வருமா, தெரியாது. வந்தால் முதல் வண்டிக்கு நான் போவேன் அப்பா. புதுப் பெஞ்சு எத்தனை போட்டிருந்தாலும் உட்கார மாட்டேன். வண்டி வரும்வரை நின்றுகொண்டே இருப்பேன்.

தலைகுனிந்து,
உங்கள் கடைசி மகள்
சாரதா