நீ நின்ற இடத்தில் முப்பது விநாடி

இருட்டுக்குப் பயப்படாத என் தசரதா,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்று உன் அக்காவிடம் சொன்னேன். "என் தம்பி உசுரோட இருக்கசொல்ல ஒரு நல்ல வார்த்த பேசல. இப்ப லெட்டரு எழுதறாராம், லெட்டரு!" என்றாள். ஏழு வருடம் ஒவ்வொரு அமாவாசைக்கும் நட்சத்திரங்களைப் படம் எடுக்க உன்னோடு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேனே, ஒரு நல்ல வார்த்தைகூடவா பேசவில்லை? யோசித்துப் பார்க்கிறேன். நிச்சயமாகத் தெரியவில்லை.

ஏரியில் தண்ணீர் மதகுப் படியைத் தொட்டு நிற்கிறது. வடகிழக்கில் தொழிற்சாலைகளின் வெளிச்சம் இன்னும் ஒரு சாண் மேலே ஏறிவிட்டது. உன் மோட்டார் ரிப்பேர் கடை பூட்டியபடியே இருக்கிறது. என் கேமராவும் பெட்டிக்குள்ளேயே இருந்தது, போன வாரம் வரைக்கும்.

போன மாதம் உன் மனைவி செல்வி வந்தாள். வருஷ திதிக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்றாள்.

"வூட்ல கீற போட்டோல்லாம் யாரோ கல்யாணத்துல எடுத்தது ண்ணா. மூஞ்ச உம்முனு வெச்சிக்கினு கீறாரு. உங்க கூட ஏரிக்குப் போறப்பதான் அவுரு அவுரா இருப்பாரு. அதுல ஒண்ணு குடுங்க, போதும்."

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நூலகராக இருந்தவன் அல்லவா? அமாவாசைக்கு ஒரு தொகுப்பு, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் என்று அடுக்கி வைத்திருக்கிறேன். எட்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். விருச்சிகம் இருக்கிறது. பால்வீதி இருக்கிறது. கார்த்திகைக் கூட்டம் தண்ணீரில் விழுந்து கிடக்கிறது. நீ எதிலும் இல்லை.

எப்படி இருப்பாய்? கேமரா முப்பது விநாடி கண்ணைத் திறந்து வைத்திருக்கும்போது, இருட்டில் நடந்து போகிறவன் அதில் பதிவதே இல்லை. அசையாமல் நிற்கிறவன்தான் விழுவான். உனக்கு நிற்கத் தெரியாது. எத்தனை முறை கெஞ்சியிருப்பேன்! "முப்பது செகண்டு செல மாதிரி நிக்கணுமா? நீ ஒரு கல்ல நட்டுக்கோ மாமா, நான் டீ வாங்கினு வரேன்" என்பாய்.

அப்படியும் சில படங்களில் நீ அகப்பட்டுக்கொண்டாய். அவற்றை நான்தான் அழித்தேன். எதை அழித்தேன், ஏன் அழித்தேன் என்று குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். 'த. குறுக்கே வந்தான், நீக்கப்பட்டது.' 'த. பீடி, நீக்கப்பட்டது.' 'த. டார்ச்.' 'த. ஸ்டாண்டைத் தொட்டான்.' ஓரிடத்தில், 'த. சும்மா சிரித்துக்கொண்டு நின்றான், நீக்கப்பட்டது.' ஒருமுறை நீ நின்றிருக்கிறாய், தசரதா. அதையும் நான் விடவில்லை.

செல்வியிடம் போய்ச் சொல்ல எனக்கு மூன்று நாள் தைரியம் வரவில்லை. நாலாம் நாள் குறிப்பேட்டை எடுத்துப் போய் அவள் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கம் பக்கமாகப் படித்தாள். பீடி வந்த இடத்தில் சிரித்தாள். பிறகு மூடிவிட்டு, "எல்லாம் கரெக்டா எழுதி வெச்சிக்கிறீங்க ண்ணா. ஆளத்தான் காணோம்" என்றாள்.

கோபித்துக்கொண்டிருக்கலாம். கோபித்துக்கொள்ளவில்லை. "வர அமாவாசைக்கு என்ன அங்க இட்டுக்கினு போங்க. அவுரு நின்ன எடத்தயாவது பாக்கறேன்" என்றாள்.

பகலில் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, இருட்டியதும் செல்வி, உன் அக்கா, நான் மூன்று பேரும் கிளம்பினோம். நீ இல்லாமல் அந்தக் கரையில் நடப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. "பாத்து நட, பூச்சி பொட்டு இருக்கும்" என்று நான் இரண்டு தரம் சொன்னேன். "நீங்க மொதல்ல என் கைய விடுங்க" என்றாள் உன் அக்கா.

கேமராவைத் தெற்கே பார்த்து நிறுத்தினேன். நீ எப்போதும் திரியும் மதகு மேடையைக் காட்டினேன். செல்வி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போய் அங்க நில்லுங்க ண்ணா. நான் அமுக்கறேன்."

அந்த மேடைக்கு நான் ஒருநாளும் போனதில்லை. கேமராவுக்குப் பின்னால் இருக்க வேண்டியவன் என்று சொல்லிச் சொல்லியே தப்பித்திருக்கிறேன். அன்று மறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது? போய் நின்றேன். கீழே தண்ணீர், முன்னே இருட்டு. செல்வி உரக்க எண்ணினாள். பதினொன்றில் ஏதோ தண்ணீரில் குதித்தது. உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அதன்பிறகு கால் நடுக்கம் நிற்கவில்லை. நீ இங்கே நின்றுகொண்டா அப்படிச் சிரித்தாய்?

படம் வந்தது. நட்சத்திரங்கள் கூர்மையாக விழுந்திருந்தன. நடுவில் வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு கறுப்பு உருவம். ஓரமெல்லாம் கலைந்து, தோள் இரண்டாகத் தெரிந்தது. முகம் இல்லை. ஆள் யாரென்றே சொல்ல முடியாது. என் கட்டைவிரல் பழக்கத்தில் அழிக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு எடத்துல நிக்குதா பாருங்க! அவுருதான் ண்ணா இது."

அவளே எண்ணி, அவளே அமுக்கிய படம். மேடையில் நின்றது யார் என்று அவளுக்குத் தெரியாதா? உன் அக்காவும் குனிந்து பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாளே தவிர, இல்லை என்று அவளும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தப் படத்துக்குத்தான் சட்டம் போடக் கொடுத்திருக்கிறார்கள். செய்தது சரியா என்று இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறேன். உனக்குப் போட வேண்டிய மாலையை என் நிழலுக்குப் போடப் போகிறார்கள். நீ இருந்தால் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பாய்.

வருகிற அமாவாசைக்கும் வரச் சொல்லியிருக்கிறாள். போவேன், தசரதா. அந்த மேடையில் ஏறி நிற்பேன். நடுங்காமல் நிற்பேன் என்று மட்டும் வாக்குத் தரமாட்டேன். நடுங்காமல் நின்றால், படத்தில் விழுவது நானாகிவிடும்.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய, உன் மாமா
உத்திரமேரூர்