மாமாவும் அப்படித்தானா

அண்ணா,

பன்னிரண்டு வருஷமா நாம பேசல.

இன்னைக்கு என் மகளைப் பள்ளிக்கூடத்துல ஸ்பெஷல் டீச்சர் சோதிச்சுப் பார்த்தாங்க. ஒன்பது வயசாகியும் ஒரு வரி வாசிக்கறதுக்குள்ள அவளுக்கு வேர்த்துக்கொட்டுது. "இது சோம்பேறித்தனம் இல்லைம்மா, டிஸ்லெக்சியா. உங்க வீட்டுல வேற யாருக்காவது இருந்ததா?" அப்படின்னு கேட்டாங்க. உன் முகம்தான் கண்ணு முன்னாடி வந்தது.

அப்பா உன்னை மக்குன்னு அடிச்சப்போ பக்கத்துல நின்னு சிரிச்சவ நான். போன வாரம் அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. கையும் சும்மா இருக்கல.

திரும்பி வரும்போது அவகிட்ட உன்னைப் பத்திச் சொன்னேன், நீயும் வாசிக்கத் திணறினதையும் இப்போ லிஃப்ட் ரிப்பேர் பண்றதையும்.

"மாமாவும் அப்படித்தானா? லிஃப்ட் ரிப்பேர் எல்லாம் எப்படிக் கத்துக்கிட்டாரு?"

எனக்குத் தெரியல. உன்கிட்டயே கேட்கணுமாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டு வர்றேன். நான் வெளியிலேயே நிக்கறேன். அவளை மட்டும் உள்ளே கூப்பிடு.

உன் தங்கச்சி