கப்பலுக்குள் தண்ணீர் விட்டார்கள்

ஆரம்பாக்கம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து எழுதுவது.

கர்த்தருக்குள் பிரியமான மகள் சோனியாவுக்கு,

இங்கே உன் அம்மா சுகம். நான் கோபமாக இருக்கிறேன். அதைத் தவிர எனக்கும் ஒரு குறையும் இல்லை. நீயும் உன் கப்பலில் இருக்கிற அத்தனை பேரும் நலமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். உனக்கோ டவர் கிடைப்பதே அபூர்வம். கடிதத்தை நடுவில் யாரும் பிடுங்க முடியாது. அதனால் முழுக்கப் படி.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் நீ அனுப்பிய அந்த வாய்ஸ் மெசேஜ்தான். "நைனா, இன்னிக்கி கப்பலுக்குள்ள தண்ணி உட்டாங்க. ஆளு ஒசரத்துக்கு நிக்குது. நான் பக்கத்துலயேதான் கீறேன்" என்றாய். அவ்வளவுதான், அப்புறம் உன் போன் கிடைக்கவே இல்லை. உன் அம்மா ஆரணியாற்றங்கரையில் பிறந்தவள் என்பதை மறந்துவிட்டாயா? அந்தப் பக்கத்தில் 'தண்ணி உட்டாங்க' என்றால் ஒரே அர்த்தம்தான். மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று. அவள் வாசலில் உட்கார்ந்து கத்தியதில் தெருவே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுச் சாராள், கப்பல் முழுகிவிட்டது என்று தானே முடிவுகட்டி, சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். மில்லில் கிரேன் மேல் இருந்த நான் அடித்துப்பிடித்து இறங்கி, கிடைத்த ரயிலில் ஓடி வந்தேன். மெசேஜைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு உன் அம்மா துடைப்பத்தால் ஒன்று வைத்தாள்.

போன லீவில் நீ அண்டாத் தண்ணீரில் என் சாப்பாட்டு டப்பாவை மிதக்கவிட்டுக் காட்டினாயே, அது எனக்கு ஞாபகம் இருந்தது. கப்பலின் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றுவார்கள். பின்பக்கம் தாழும். பின்கதவைத் திறந்தால் கப்பலின் வயிற்றுக்குள் கடல் வரும். அங்கே நிற்கிற படகுகள், மேலே டாங்கும் லாரியும் ஏற்றியபடியே மிதந்து வெளியே போகும். வேலை முடிந்ததும் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு, கப்பல் பழையபடி நிமிர்ந்துகொள்ளும். அதையே உன் அம்மாவுக்கும் செய்து காட்டலாம் என்று அண்டாவைக் கொண்டுவந்து வைத்தேன். டப்பா முழுகிவிட்டது. அழுகை இரண்டு மடங்கானது.

மறுநாள் பாக்கியராஜ் வந்தார். உன்னைத் தன் மகனுக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கும்மிடிப்பூண்டிக்காரர்தான். சபைக் குழுவில் பார்த்தாராம். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, உன் அம்மா கொடுத்த காபியைக் குடித்தபடி ஆரம்பித்தார். "ஓட்ட கப்பல்ல பொண்ண ஏத்தி உட்டுக்கினு நீ இன்னாய்யா பண்ணிக்கினு கீற? நாலு வருசம் முடியப் போவுது. இட்டாந்து கண்ணாலத்த முடி." கப்பலில் இருந்த பெண் குடும்பத்துக்கு அடங்குவாளா என்ற கவலை தன் வீட்டுக்காரிக்கு இருக்கிறதாம், இவர்தான் பெருந்தன்மையாகச் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறாராம்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் மகன் கம்பெனி பஸ்ஸில் போய்க் கம்பெனி பஸ்ஸில் வருகிறான். அதை நான் குறை சொன்னேனா? துறைமுகமே இல்லாத கரையில் பட்டாளத்தையே இறக்குகிற கப்பல் அது. மேலே ஹெலிகாப்டர் இறங்கும், உள்ளே ஆபரேஷன் செய்வார்கள், கடல்நீரைக் குடிநீராக்குவார்கள். புயலில் பாலம் அறுந்து, ரோடு போன ஊருக்கு அரிசியும் டாக்டரும் அதில்தான் போகும். நம் தெருவில் வெள்ளம் நின்றபோது கட்டில் மேல் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டு, யாராவது வருவார்களா என்று நாம் பார்த்துக்கொண்டிருந்தோமே! வருகிறவர்கள் கூட்டத்தில் இன்றைக்கு என் மகள் இருக்கிறாள். அதுவா ஓட்டைக் கப்பல்? நான் அவரிடம் சொன்னேன்: "ஓட்டன்னா தண்ணி தானா வரும். அங்க எம்பொண்ணு நின்னு கதவத் தொறந்தாத்தான் கடலே உள்ள வரும்." அவர் பாதிக் காபியை வைத்துவிட்டுப் போய்விட்டார். சம்பந்தம் போயிற்று என்று உன் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. போகட்டும்.

ஆனால் சோனியா, என் கோபம் அவர் மேல் இல்லை. உன் மேல்தான்.

உனக்கு டவர் கிடைத்து நீ பேசியபோது உன் அம்மா அழுதாள். உடனே நீ, "அழாதம்மா, நான் எழுதிக் குடுக்கல, வந்துட்றேன்" என்றாயாமே. அக்னிவீராக நாலு வருஷம் முடித்து, நேவியிலேயே இருக்க விருப்பம் என்று எழுதிக்கொடுத்தாலும் நாலு பேரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள் என்று நீதான் சொன்னாய். அந்த ஒருவர் நான்தான் என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டு போனதும் நீதான். அவர்கள் வேண்டாம் என்று அனுப்பினால் வா, தலைநிமிர்ந்து வா, நான் மேளம் வைத்துக் கூட்டிவருகிறேன். கேட்காமலேயே திரும்பி வருகிற வேலையை மட்டும் செய்யாதே. உன் அம்மாவின் அழுகைக்கு இரக்கப்பட்டாயா? அவள் மழைக்கும் அழுவாள், மழை பெய்யாவிட்டாலும் அழுவாள். இன்றைக்கு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்து, தன் மகள் கடலுக்கே கதவு திறந்துவிடுகிறாள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவளும் அவள்தான். சாராளுக்கு முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

மாதக் கடைசிக்குள் எழுதிக்கொடு. கொடுத்துவிட்டு எனக்குச் சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் நைனா,
தாவீது

மறந்துவிட்டேன். தண்ணீர் விடும்போது அந்த லைஃப் ஜாக்கெட்டைச் சும்மா தோளில் மாட்டிக்கொண்டு நிற்காதே. நீ அனுப்பிய போட்டோவில் கீழ்வார் தொங்குகிறது. தினமும் பார்க்கிறேன், தினமும் தொங்குகிறது. அதைப் போடு, கண்ணு.