தங்கசாமியின் மனைவி, வயது பத்தொன்பது

அருப்புக்கோட்டை,
ஐப்பசி 20

அன்பு மகள் அனுசியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது, கடையில் வியாபாரம் மந்தம்.

நம் உறவின்முறைச் சங்கத்து மாத இதழில் அந்தக் காலத்தில் வந்த காலமானார் செய்திகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடும் வேலையை என் தலையில் கட்டியதைப் போனில் சொன்னேன் அல்லவா, ஆறு மாதமாக அதுதான், கண் பூத்துப் போகிறது. ஆண்களுக்குப் பெயர், தொழில், குணம் என்று பத்து வரி, பெண்கள் என்றால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று ஒரு வரி, பெயரே இல்லை. அப்படிப் புரட்டும்போது 1953 புரட்டாசி இதழில் “அருப்புக்கோட்டை தங்கசாமி அவர்களின் மனைவி, வயது 19, பன்னிரண்டு நாள் பெண் குழந்தையை விட்டுக் காலமானார்” என்று இருந்தது. தாத்தா பெயரும் நம் கடைப் பெயரும் அப்படியே போட்டிருக்கிறது. உன் அப்பத்தா அதற்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் இந்த வீட்டுக்கு வாழ வந்தார்கள். அந்த ஆவணியில் பிறந்தது உன் கனகலட்சுமி அத்தை. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்காள் வேறொரு தாயின் பிள்ளை என்பது எனக்கு அறுபத்தேழு வயதில் தெரிகிறது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பிறகு அக்காள் இருக்கும் பந்தல்குடிக்குப் பஸ் ஏறினேன். இதழின் அந்தப் பக்கத்தை அக்காளிடம் நீட்டினேன். அக்காள் படித்துவிட்டு, “எனக்குப் பதினாலு வயசுலயே தெரியும்லே தம்பி. அம்மா மனசு நோகுமேன்னு கேக்காம இருந்துட்டேன். திருச்சுழியில பெறந்தேன்னு மட்டும் அப்பா ஒருக்கா சொன்னாக. என்னையப் பெத்தவுக பேரு என்னன்னு யாருகிட்டப் போயி கேக்க?” என்றாள்.

திருச்சுழிக்கு மூன்று நடை அலைந்தேன், முழங்கால் வீங்கிவிட்டது. மூன்றாவது நடையில் பதிவாளர் ஆபீஸில் இருந்த ஒரு பெண் இரக்கப்பட்டுப் பழைய பிறப்புப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்தாள். தகப்பனார் தங்கசாமி, தாயார் அருஞ்சுனை என்று இருந்தது.

புத்தகத்தில் அந்தப் பெயரைச் சேர்த்தேன். சங்கத் தலைவர் நல்லமுத்து, இதழில் இல்லாததைப் போடக் கூடாது என்றார். அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன், மறுநாள் போடுங்கள் என்று ஆள் அனுப்பினார். இனி மற்ற பெண்களின் பெயர்களுக்கும் வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். ரொம்ப அலுப்பாக இருக்கிறது அம்மா, ஆனாலும் விட மனசில்லை.

அக்காளிடம் பெயரைச் சொன்னபோது அழவில்லை. இரண்டு தரம் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, “பத்தொம்போது வயசுன்னா என் பேத்தியவிடச் சின்னப் புள்ளலே அது” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அத்தைக்குப் போன் போடு. குளிரில் பிள்ளைக்குக் காதை மூடிவிடு. எல்லோரும் தீர்க்காயுசாக இருக்க எங்கள் ஆசிகள்.

உன் அப்பா,
த. செல்வக்குமார்