மேகத்திலிருந்து இறங்கிய பிறகு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முட்டி வலி குறைஞ்சிதா? நைனா மாத்திரை ஒழுங்கா போட்டுக்கிறாரா? நான் நல்லா இருக்கேன். போன்ல சொன்னா பயந்துடுவே, அதான் எழுதறேன்.

போன வாரம் கவுகாத்தியில இறங்கும்போது ஒரே மேகம். மார்கழியில நம்ம ஏரி மேல படுத்துக்கினு இருக்குமே பனி, அது மாதிரி மெத்துனு. பார்த்துக்கினே இருக்கலாம் போல இருந்தது. கேப்டன் பிரபா ஓட்டினாங்க, பக்கத்துல துணை பைலட்டா நான். ஓடுபாதை கண்ணுல படவேயில்லை. "மேலே போயிடலாம்"னு மெதுவா சொன்னேன். அப்புறம் சத்தமா சொன்னேன். உடனே மேலே தூக்கிட்டாங்க. ரெண்டாவது தடவை பத்திரமா இறங்கினோம்.

ஜனங்க போனதும் திட்டு விழும்னு பார்த்தேன். "பாதையைத் தேடினதுல உயரத்தைக் கவனிக்காம விட்டுட்டேன். நல்லவேளை, நீ சொன்னே. ஆனா முதல்ல ஏன் தயங்கினே?"ன்னாங்க.

"பயம் மேடம்."

"எனக்கும்தான். அடுத்த தடவை முதல்லயே சத்தமா சொல்லு."

ஒவ்வொரு பயணம் முடிஞ்சதும் இப்படித்தான் பேசுவோம். மனசு லேசாயிடும். அப்புறம் ஓட்டல்ல அவங்கவங்க ரூமுக்குப் போயிடுவோம். ஜன்னல்ல மேகம் மட்டும் நகரும்.

கொஞ்சம் எள்ளுப்பொடி அனுப்பும்மா. போன் பண்ணா, சாப்பிட்டியான்னு கேட்டுட்டு வச்சிடாதே. இன்னிக்கு எப்படிப் போச்சுன்னும் கேளு.

ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போற வண்டி வந்துடுச்சு, கிளம்பறேன்.

உன் தேவயானி